ரெசிஸ்டரை வெட்டியவர்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு இருபது.

விபத்து எப்போது நடந்தது என்று யார் கேட்டாலும் என் கணவர் புதன்கிழமை காலை, ஆயுத பூஜையின்போது என்று சொல்கிறார். ஆம்புலன்ஸில் வந்தவர்களும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முந்தின நாள் மாலை நான்கு இருபதுக்கு ரெசிஸ்டரை வெட்டியவர் எங்கள் ஹில்ஸ்பரோ வீட்டு வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அப்போதே தொடங்கிவிட்டது. சுண்டலுக்குக் குக்கர் வைத்து எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்க அடுப்புக் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். அதனால் நேரம் எனக்குத் தெரியும்.

'அவர்' என்று மரியாதையாக எழுதுகிறேன். அச்சில் வரவேண்டும் என்பதற்காக. மனதுக்குள் அப்படிச் சொல்வதில்லை.

அவர் என் கணவரின் நண்பர். நாங்கள் ஆக்லாந்தில் வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனவர். தகனினியில் தன் வீட்டு அறை ஒன்றைக் காலி செய்து எங்களைத் தங்கவைத்தவர். அந்த உதவியை அவர் ஒருபோதும் சொல்லிக்காட்டியதில்லை. அதற்குத் தேவையும் இருந்ததில்லை, என் கணவரே வாராவாரம் சொல்லிக்கொண்டிருப்பார். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுவது அந்த நண்பரின் வேலை. கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் என்பதால் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு விஞ்ஞான வகுப்பும் நடத்தினார். அதற்கு வாடகை மண்டபம் பிடிப்பது, சாவி வாங்குவது, கூட்டிப் பெருக்கித் திரும்பக் கொடுப்பதெல்லாம் நான். எல்லோரும் அவரை அண்ணா என்று கூப்பிடுவார்கள். அவர் என்னை சிஸ்டர் என்பார்.

நான் திருச்சியில் இயற்பியல் முதுகலை படித்தேன். இங்கே ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் டப்பாக்கள் செய்யும் இடமொன்றில் தரம் பார்க்கிறேன். எங்களுக்கு ஒரே மகள். பள்ளியில் கடைசி வருடம். அடுத்த வருடம் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிக்கப்போகிறாள் என்பது அவளுடைய பத்து வயதிலிருந்தே வீட்டில் முடிவான விஷயம். அவள்தான் டெஸ்லா காயில் செய்யவேண்டும் என்றாள். வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றி, உச்சியில் உள்ள உலோக வளையத்திலிருந்து ஊதா நிறப் பொறிகளைக் காற்றில் நீட்டும் கருவி அது. பார்க்க அழகாக இருக்கும். தப்பாகச் செய்தால் ஆளைக் கொல்லும். நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் நான் வேண்டாம் என்றால் அவள் கராஜில் தனியாகச் செய்வாள் என்று தெரியும். அதனால், செய்யலாம், ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் நாம் இருவரும் சேர்ந்துதான் தேர்ந்தெடுப்போம் என்றேன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அதுதான் எங்கள் பேச்சு. வேலைக்குப் போகும் வழியிலும் இரவுச் சாப்பாட்டிலும் அதையே பேசினோம். நான் பயந்த சுபாவம் உள்ளவள். மகள் நீச்சலுக்குப் போனால் துண்டோடு கரையில் நிற்கும் அம்மா நான்தான். அந்தப் பயத்துக்கு முதல் முறையாக ஒரு வேலை கிடைத்தது. எந்தப் பாகத்தை எடுத்தாலும், இது எப்படிக் கெடும், கெட்டால் யார் கையில் கெடும் என்று கேட்டேன். மகள் சலித்துக்கொண்டே பதில் தேடினாள். தேடத் தேட அவளே அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள்.

முதல் சண்டை டிரான்ஸ்பார்மருக்கு வந்தது. கவுன்சில் ஆட்கள் எடுத்துப்போவதற்காக யாரோ வெளியே வைத்திருந்த பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்து, அதன் டிரான்ஸ்பார்மரை அவர் தூக்கிக்கொண்டு வந்தார். கனமான இரும்புக் கட்டி. சாப்பாட்டு மேசையில் வைத்து, "இத வெச்சு அடிச்சா ரோட்டுல போறவன் திரும்பிப் பாப்பான்" என்றார். நான் முடியாது என்றேன். மைக்ரோவேவ் டிரான்ஸ்பார்மர் உடம்பு கேட்கிற அளவுக்கெல்லாம் மின்னோட்டத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். நியான் பலகைகளுக்குப் போடுவது அப்படியில்லை, ஓர் அளவுக்கு மேல் கொடுக்காது. அதுவும் ஆபத்துதான். ஆனால் ஆபத்திலும் அளவு இருக்கிறது. இதை நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார்.

"சிஸ்டர் தியரி. நாம பிராக்டிகல்."

என் கணவரும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. அந்த இரும்புக் கட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் காரிலேயே வைத்துவிட்டு வந்தாள். மூடப்போகிற ஒரு மீன்வறுவல் கடையின் பலகையிலிருந்து நியான் டிரான்ஸ்பார்மர் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. அன்றைய தோல்வியை அவர் மறக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

செம்புக் குழாயை, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவர்கள் வாங்கும் கடையிலிருந்து என் மதிய இடைவேளையில் போய் வாங்கி வந்தேன். பெரிய சுருளுக்கு, வெள்ளை வடிகால் குழாயில் இனாமல் பூசிய மெல்லிய கம்பியை ஒரு சுற்றின்மேல் இன்னொன்று ஏறாமல் அவள் சுற்ற, நான் குழாயைத் திருப்பிக்கொடுத்தேன். உச்சி வளையத்துக்குத் துணி உலர்த்தும் எந்திரத்தின் அலுமினியக் குழாயை வளைத்தோம்.

அதிக நேரம் எடுத்தது கெப்பாசிட்டர்களுக்கு. பெரிதாக ஒன்று வாங்குவதற்குப் பதில் சிறியவையாகப் பல வாங்கி வரிசையாகக் கோத்தோம். ஒன்று கெட்டால் மற்றவை தாங்கும். பலகைக்கு என் சமையலறையிலிருந்து கனத்த வெள்ளை பிளாஸ்டிக் வெட்டுப் பலகையைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். கெப்பாசிட்டரின் குணம், மின்சாரத்தை நிறுத்தினாலும் தன்னுள் இருப்பதை வைத்துக்கொண்டிருப்பது. ப்ளக்கைப் பிடுங்கி, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து வந்து தொட்டாலும் அடிக்கும். அதற்காக ஒவ்வொரு கெப்பாசிட்டரின் குறுக்கிலும் ஒரு சின்ன ரெசிஸ்டரைப் பற்றவைக்க வேண்டும். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரியது. கருவி ஓடும்போது அது செய்வது ஒன்றுமில்லை. நிறுத்தியபிறகு, மிச்சமிருப்பதைச் சத்தமில்லாமல் வடியவிடும். மொத்தக் கருவியிலும் பொறிக்காக இல்லாமல் எங்களுக்காக இருந்த பாகம் அது ஒன்றுதான். நான்தான் அதை வற்புறுத்தினேன். கொஞ்சம் தடித்ததாக, அதிக வோல்ட் தாங்குவதாகப் பார்த்து அவள் தேர்ந்தெடுத்தாள். பற்றவைக்கும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கருவி ஓடியது. கையளவு நீளத்துக்குப் பொறிகள் வந்தன. கராஜ் முழுக்க மழைக்கு முந்தின வாசனை. வகுப்பில் செய்தி பரவி, விஜயதசமி நிகழ்ச்சியில் அதை மேடையில் ஓட்டிக்காட்ட வேண்டும் என்று முடிவாகியது. இங்கே எல்லோரும் கூடுகிற பண்டிகையை அந்தந்த நாளில் கொண்டாட முடியாது. ஆயுத பூஜை புதன்கிழமை வீட்டில், விஜயதசமி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் என்று வைத்திருந்தோம். அந்த மேடைக்காகத்தான் அவர் செவ்வாய்க்கிழமை வந்தார்.

மகள் வீட்டில் இல்லை, தோழியோடு வெளியே போயிருந்தாள். சும்மா ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கராஜுக்குள் போனார். நான் காபி போட்டேன். உள்ளே ஒருமுறை பொறி வெடிக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி கேட்டது, இம்முறை இன்னும் பலமாக. ஒரு நல்ல டம்ளரில் காபியும் ஒரு கிண்ணம் சுண்டலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார். "பிரமாதம் சிஸ்டர். ஞாயித்துக்கெழம பாருங்க" என்றார். கிண்ணத்தை வாங்கும்போது தேங்காய் இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாமோ என்று நான் யோசித்தேன். 

மறுநாள் நான் விடுப்பு எடுத்திருந்தேன். ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் எல்லாக் கருவிகளுக்கும் ஓய்வு. எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிடுவோம். மடிக்கணினி, தையல் எந்திரம், மிக்ஸி, மகளின் கால்குலேட்டர், என் வேலையிடத்து அளவுகோல் எல்லாம் கூடத்தில் சாமி படத்துக்கு முன் வரிசையாக உட்காரும். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம். காயிலையும் வைக்கலாம் என்றாள் மகள். அதை முழுசாகத் தூக்க முடியாது. கெப்பாசிட்டர் பலகையை மட்டும் கழற்றி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். முந்தின நாளிலிருந்து அதற்கு மின்சாரமே கிடையாது. மற்றவர்கள் இப்படிப்பட்ட பாகத்தைத் தூர நின்று பார்ப்பார்கள். நாங்கள் ஈரச் சந்தனத்தை மோதிர விரலில் எடுத்து ஒவ்வொன்றின் தலையிலும் வைப்போம். நான் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். அவள் முதல் கெப்பாசிட்டருக்கு வைத்தாள். இரண்டாவதுக்கு வைத்தாள்.

அளவுகோலை மேசையில் ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்பினால் அவள் கண்ணாடி மேசையின் விளிம்பில் இடித்துச் சரிந்து தரையில் கிடந்தாள். இடது மணிக்கட்டு, கை எப்போதும் இருக்காத கோணத்தில் இருந்தது. வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு.  குங்குமக் கிண்ணம் அவள்மேல் கவிழ்ந்திருக்கிறது என்பது எனக்குப் புரியவே இல்லை. ஆம்புலன்ஸில் வந்த பெண்ணும் அதை ரத்தம் என்றே நினைத்துக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டாள். அது ரத்தமில்லை, பொடி என்று ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. இப்போதும் கடையில் குங்குமப் பாக்கெட்டைக் கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுகிறேன்.

மணிக்கட்டு உடைந்திருந்தது. இதயத் துடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். ஒன்றுமில்லை என்ற அந்தச் சொல்லை நான் நன்றியோடுதான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கராஜுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தேன். என் கணவர் அதை ஒரு போர்வையில் சுற்றி வைத்திருந்தார். காய்ந்த சந்தனப் பொட்டு இரண்டு அப்படியே இருந்தன. பொட்டுகளுக்குக் கீழே ரெசிஸ்டர்கள் எல்லாம் ஒரு கால் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கின. மறு கால் வெட்டப்பட்டிருந்தது. பற்றவைத்தது விட்டுப்போயிருந்தால் முனை மொண்ணையாக, ஈயத்தோடு இருக்கும். இது பளபளவென்று இருந்தது, கட்டிங் பிளேயரால் வெட்டிய முனை. மகளின் பிளேயர்தான். அவள் எப்போதும் மாட்டிவைக்கும் ஆணியில் இல்லாமல் மேசையில் கிடந்தது.

அவர் ஏன் வெட்டினார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்த ரெசிஸ்டர்கள் பொறிக்குப் போகவேண்டிய மின்சாரத்தைத் தின்கின்றன என்று நினைத்திருக்கிறார். அவை தின்பது ஒரு கொசு குடிக்கும் அளவு. பொறி பெரிதாக வந்தது, கருவிக்குள் பொறி தாவுகிற இரண்டு உலோக முனைகளின் இடைவெளியை அவர் அகலப்படுத்தியதால். அதையும் செய்திருந்தார். பிராக்டிகல்.

நான் வருவதற்குள் அவர் வகுப்பின் வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டிருந்தார். குழந்தை ப்ளக்கைப் பிடுங்க மறந்துவிட்டது, கடவுள் புண்ணியத்தில் பெரிதாக ஒன்றுமில்லை, பெற்றோர்கள் பிள்ளைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும். கீழே ஒரு கும்பிடு. அதற்குக் கீழே நாற்பது வீட்டுக் கும்பிடுகள்.

போன் செய்தேன். ரெசிஸ்டரை வெட்டினீர்களா என்று கேட்டேன். லேசாக டியூன் பண்ணினேன், அவ்வளவுதான் என்றார். வெட்டினீர்களா என்று மறுபடி கேட்டேன்.

"சிஸ்டர், நீங்க டென்ஷன்ல இருக்கீங்க. ரெஸ்ட் எடுங்க. அவன்கிட்ட போனக் குடுங்க."

அவன் என்றது என் கணவரை. போனை வாங்கி என் கணவர் தோட்டத்துக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வேண்டுமென்றா செய்தான், விட்டுவிடு, அவன் பிள்ளைகளுக்கு எவ்வளவு செய்கிறான் என்றார். விமான நிலையக் கதை அன்றும் வந்தது. அந்தத் தகனினி அறைக்கு நம் மகளின் கை வாடகையா என்று நான் கேட்டேன். இருபது வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

இதையெல்லாம்கூட நான் விழுங்கியிருப்பேன். விழுங்க முடியாமல் செய்தது மகள். ப்ளக் பிடுங்கியிருந்ததே, பிறகு எப்படி என்று அவளே யோசித்து, அவளே பதிலும் கண்டுபிடித்துவிட்டாள். தன் ரெசிஸ்டர்கள் வேலை செய்யவில்லை. தான் பற்றவைத்தது சரியில்லை. ஒரு சின்னப் பாகத்தைக்கூட நம்பி என்னிடம் விடமுடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அழாமல் சொன்னாள், அது இன்னும் மோசமாக இருந்தது. இன்ஜினியரிங்குக்குப் போட்டிருந்த விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துவிட்டு வேறு ஏதாவது படிக்கப்போவதாகச் சொன்னாள். நாளைக்கு வேறொருவர் என் வேலையை நம்பித் தொடுவார் அல்லவா என்று கேட்டாள்.

வெட்டியிருக்கிறார் என்று சொன்னேன். வா, வந்து பார் என்றேன். அவள் என்னைப் பார்த்து, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நீதான் வெட்டி வைத்திருப்பாய் என்றாள். அம்மாக்களைப்பற்றி அவளுக்குத் தெரியும். என் சொல் அங்கே செல்லாது. அவர் சொல்தான் வேண்டும். அவர் வந்து, என் வீட்டுக் கூடத்தில் நின்று, என் மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

வெள்ளிக்கிழமை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சனிக்கிழமை ஒரு செய்தி அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. மாலை மண்டபச் சாவியை வழக்கம்போல நான் போய் வாங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில் முதலில் வித்யாரம்பம். மூன்று வயதுக் குழந்தைகளை மடியில் வைத்து, அவர்கள் விரலைப் பிடித்து, தட்டில் பரப்பிய அரிசியில் முதல் எழுத்தை எழுதவைக்கும் பெரியவராக இந்த வருடம் அவரை உட்காரவைத்திருந்தார்கள். என் மகளின் கையை உடைத்த கை அது. அந்தக் கையில் மற்றவர்கள் தங்கள் குழந்தையின் விரலைக் கொடுக்கப்போகிறார்கள்.

பத்து மணிக்கு மண்டபத்தைத் திறக்கவேண்டும். நான் ஒன்பதரைக்கே போய், எதிர்ப் பக்கம் இருக்கும், டெய்ரி என்று இங்கே சொல்லும் சின்ன மளிகைக் கடையின் முன்னால் காரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சாவி மடியில் இருந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காராக வந்தது. பட்டுப்பாவாடைகள், தூக்குப் பாத்திரங்கள், ஒரு மிருதங்கம். மண்டபத்தின் கூரை நீட்டல் சிறியது, பாதிப் பேர்தான் அதன்கீழ் நிற்கமுடிந்தது. பத்தேகாலுக்கு என் போன் அடிக்க ஆரம்பித்தது. குழுவில் ஒரு வரி எழுதினேன். ரெசிஸ்டரை வெட்டியவர் என் வீட்டுக்குப் போய் என் மகளிடம் அதைச் சொல்லட்டும், சொன்னதும் கதவு திறக்கும்.

எனக்கு அப்போது எப்படி இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். நன்றாக இருந்தது.  நாற்பது குடும்பங்கள் ஒரே சமயத்தில் குனிந்து போனைப் பார்த்து, ஒரே சமயத்தில் நிமிர்ந்து அவரைப் பார்த்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஜரிகை வேட்டியில் நின்றுகொண்டிருந்தார்.

அவர் சாலையைக் கடந்து என் கார் ஜன்னலுக்கு வந்தார். ஒரு விரற்கடை அளவுக்குக் கண்ணாடியை இறக்கினேன்.

"என்ன சிஸ்டர் இது, சின்னப் புள்ள மாதிரி. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"சாவியக் குடுங்க. அப்பறம் உக்காந்து பேசுவோம்."

"என்கிட்ட ஒண்ணும் பேசவேணாம். அவ வீட்லதான் இருக்கா. போய்ச் சொல்லிட்டு வாங்க."

"நான் ஒண்ணும் பண்ணலங்கிறேன்."

கண்ணாடியை ஏற்றிவிட்டேன். அவர் வாய் மட்டும் அசைந்தது. திரும்பிப் போகும்போது வேட்டி நுனி தண்ணீரில் இழுபட்டது. கூட்டத்திலிருந்து யாரோ ஓர் அப்பா, "என்னண்ணா, இன்னும் சார்ஜ் எறங்கலயா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் வீட்டுக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைத்துக்கொண்டிருப்பேன், முடிந்திருந்தால்.

பிறகு வந்தது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். வகுப்புக்கு வரும் பெரிய பிள்ளையின் தாய், இரண்டாவது மகளை இடுப்பில் வைத்திருந்தாள். பாப்பாவுக்கு மூன்று வயது இருக்கும். தலையில் மல்லிகைக்குப் பதில் துணிப்பூ, அது நனைந்து தொங்கியது. ஜன்னலைத் தட்டினாள். அவளுக்கு முழுதாக இறக்கினேன்.

"அக்கா, இவளுக்கு இண்டைக்கு ஏடு தொடக்க வந்தனாங்கள். உங்கட கோவம் எனக்கு விளங்குது. என்ர பிள்ளைக்கு இப்பிடி ஒண்டு நடந்தா நானும் சும்மா இருக்கமாட்டன். ஆனா இவள் உங்களுக்கு என்ன செய்தவள்?"

 பாப்பா சாவியைப் பார்த்துக் கையை நீட்டியது. நான் அதை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன். என் மகள் படிப்பை விடப்போகிறாள் என்று மட்டும் சொன்னேன். அவர் வாயால் கேட்டால்தான் நம்புவாள் என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று நிறுத்திக்கொண்டேன்.

 அவள் பாப்பாவோடு சாலையைக் கடந்து நேராக அவரிடம் போனாள். ஜன்னல் திறந்தபடியே இருந்ததால் எனக்குக் கேட்டது.

"அண்ணை, வெட்டினனீங்களோ, இல்லையோ? வெட்டேல்லையெண்டா ஏன் அங்க போகப் பயப்பிடுறியள்? வெட்டினனீங்களெண்டா போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. பத்து நிமிசம். நாங்கள் நிக்கிறம்."

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் அந்தக் கூரை நீட்டலின் கீழ் மற்ற எல்லாப் பேச்சும் நின்றுபோயிற்று. அவர் தன் மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி கையிலிருந்த அரிசித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தோள்பையிலிருந்து கார் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார். 

அவருடைய கார் கிளம்பிப்போனது. மோட்டர்வே பக்கம் திரும்புகிறதா, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்புகிறதா என்று தெரியாதபடி டெய்ரியின் பழப் பெட்டிகள் மறைத்துவிட்டன. தகனினிக்கு ஓடிவிட்டார் என்றே நினைத்தேன். அப்படி ஓடியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது, பாப்பா நனைந்தாலும். அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. வகுப்பு நின்றுவிட்டது. என் கணவர் மாதம் ஒருமுறை தனியாகப் போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறார். எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. தெருவில் அவர் எதிரே வந்தால் நான் ஒதுங்குவதில்லை, அவர் ஒதுங்கட்டும் என்று நடுவில் நடக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. யாரோ பொங்கல் பாத்திரத்தைத் திறந்து நின்றபடியே பரிமாற ஆரம்பித்தார்கள். எனக்கும் ஒரு காகிதத் தட்டு வந்தது. வாங்கிக்கொண்டேன், சாப்பிடவில்லை.

பதினொன்றரைக்கு மேல் என் கணவரின் கார் வந்து எனக்குப் பின்னால் நின்றது. அதிலிருந்து மகள் இறங்கினாள். மாவுக்கட்டின்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டியிருந்தாள். நடந்து வந்து, என் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். எப்போதும் எனக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், பாதியாவது தமிழில் பேசினாள்.

"அங்கிள் வந்தாரு. நான்தான் கட் பண்ணேன்னு சொன்னாரு. நீ சொல்லச் சொல்லித்தான் சொல்றாருன்னு நெனச்சேன். ஸோ எந்தப் பக்கம் கட் பண்ணீங்கன்னு கேட்டேன்."

நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு மண்டபத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போர்டோட வெளிப்பக்கம், எல்லாமேன்னாரு. கடைசி ஒண்ணுக்கு மட்டும் பிளேயர் உள்ள போகல, அத வளைச்சு விட்டுட்டேன்னாரு. அது கரெக்ட்மா. நேத்து நீ சாவி வாங்கப் போனப்ப நான் போய்ப் பாத்தேன். அத நீ சொல்லவே இல்ல. உனக்கே தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். நான் அந்தக் கடைசி ரெசிஸ்டரைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

"இனிமே ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டா போடணும்" என்றாள். "மேல ஒரு மூடி வேணும், ஸ்க்ரூ போட்டு டைட்டா. இப்ப போய் டோரத் தொறந்து விடும்மா. அந்தப் பாப்பா ஃபுல்லா நனையுது."